நாலு பேரும் பாஸ்

கொரோனாக் காலத்தில் பார்க்குக்குப் போன குடும்பம். சொந்தக்காரர்கள் இன்றுவரை எங்களை அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டில் அடங்கிக் கிடக்க முடியாமல் ராட்டினம் ஏறப் போனார்களாம், ஒரு ஆளைத் தூக்கிக் கொடுத்தார்களாம். பேசட்டும். போனது உண்மை. போய்வந்த பதினேழாம் நாள் என் மாமா செத்துப்போனதும் உண்மை. ஆனால் பாதுகாப்பில்லாமல் போனோம் என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும். எங்களை மாதிரிப் பாதுகாப்பாக ஒருத்தரும் போயிருக்க மாட்டார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பா, மும்பையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் போடாதவனைத் திட்டுவதற்கு அவருக்குச் சம்பளம். ஊரடங்கு வந்ததும் கசார்வாடியில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டையும் தொழிற்சாலை ஆக்கிவிட்டார். செருப்பு விட வாசலில் மஞ்சள் கோடு. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு வாளி. கதவுக்குப் பின்னால் ஒரு செக்லிஸ்ட். நான் பால் பாக்கெட்டைக் கழுவாமல் உள்ளே வைத்த ஒரு நாள், அதை விசாரித்து, எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஹிஞ்சவடியில் ஐடி வேலை. அவர் தங்கியிருந்த பிஜி விடுதியைப் பூட்டிவிட்டதால் ஒரு பையும் லேப்டாப்புமாக எங்கள் வீட்டுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டார். சாப்பாட்டு மேஜைதான் அவருடைய ஆபீஸ். மேனேஜரிடம் இங்கிலீஷில் குழைவார். மைக்கை அணைத்துவிட்டுத் திருநெல்வேலித் தமிழில் வைவார். அந்த வீட்டில் சிரிப்பதற்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். அப்பாவின் தெர்மாமீட்டரை நான் உடைத்தபோது, "நான்தான் அத்தான் கைதவறிப் போட்டுட்டேன்" என்று பழியை ஏற்றுக்கொண்டவரும் அவர்தான்.

அப்பாவின் பெருமையே காப்பிப்பொடி டெஸ்ட். வாசனை தெரியாமல் போனால் கொரோனா என்று படித்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் மூன்று ஓட்டை போட்டு, உள்ளே ஊரிலிருந்து கூரியரில் வரும் ஃபில்டர் காப்பிப்பொடியை நிரப்பி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். தினமும் காலையில் பல் விளக்கியதும் நாலு பேரும் ஹாலில் ஒரு கை தூரம் விட்டு நிற்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். அப்பா டப்பாவை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டி, "தெரியுதா?" என்பார். "தெரியுது" என்போம். கடைசியில் தன் மூக்குக்கும் தானே காட்டிக்கொண்டு நோட்டில் நாலு டிக் போடுவார். பல மாதம் இப்படி நடந்தது. ஒரு நாளும் யாரும் தெரியவில்லை என்று சொன்னதில்லை. தினமும் அதே டப்பா, அதே பொடி, அதே கேள்வி. பதில் முன்னாலேயே தெரிந்த பரீட்சையில் எவன் ஃபெயிலாவான்? ஆயிரம் பேரை மேய்க்கிற சேஃப்டி சூப்பர்வைசருக்கு இது தோன்றவில்லை.

முதல் அலை அடங்கியது. கடைகள் திறந்தன. மும்பை போகிற வழியில் காட் மலைப்பாதை இறங்கினால் வருகிற பெரிய பார்க்கையும் திறந்தார்கள். பாதிக் கூட்டத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று மாமா கண்டுபிடித்து வந்தார். எனக்கு அந்த பார்க்கோடு ஒரு பகை இருந்தது. அதற்கு முன் போனபோது, பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரக் கம்பியை வைத்துப் பார்த்து, இரண்டு விரற்கடை குறைகிறது என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசையில் இருந்த எல்லோரும் பார்க்க அழுதேன். ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல் நான் வளர்ந்துவிட்டேன். மாமா கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டு ஒரு நாள், "ஏட்டி, தாண்டிட்ட! இனி எவன் நம்மளத் தடுப்பான்?" என்றார்.

தடுக்க அப்பா இருந்தார். இரண்டு வாரம் முடியாது என்றார். அப்புறம் அவரே ஒரு பிளான் போட்டார். வார நாள். கேட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே. மாமாவின் பழைய காரில் பயணம். சாப்பாடு வீட்டிலிருந்து. ஆளுக்கு மூன்று மாஸ்க். "இதுல எங்கயாச்சும் ஒரு தப்பு நடந்தா டிரிப் கேன்சல். யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றார்.

தப்பை நான்தான் செய்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஃபிரிட்ஜ் மேலிருந்த சிப்ஸை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். கை பட்டு டெஸ்ட் டப்பா கீழே விழுந்து, மூடி கழன்று, பொடி முழுவதும் தரை துடைக்கிற வாளிக்குள் போயிற்று. மிச்சப் பொடியை அம்மா பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தாள், கூரியர் எப்போது நிற்குமென்று தெரியாது என்பதால். சொன்னால் விசாரணை. விசாரணை என்றால் கேன்சல். அடுப்படியில் கைக்குக் கிடைத்தது கேப்பை மாவு. இங்கே நாச்னி என்பார்கள். அதை டப்பாவில் பழைய அளவுக்கே நிரப்பி, மூடியைத் திருகி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். டப்பா காலியாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அதை நாளைக்கு மோந்து பார்ப்பார்கள் என்பது, மறுநாள் காலையில் கண்ணை மூடி வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது.

முதலில் மாமா.

"தெரியுதா?"

"அடேயப்பா! அத்தான், இன்னைக்குப் பொடி ஆளயே தூக்குதே. புதுசா?"

"பழசுதான் மாப்ள. வாய மூடிட்டு நில்லு."

நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து அம்மா. "தெரியுது, தெரியுது. புளிச்சாதம் கட்டணும், விடுங்க." அடுத்து நான். தெரியுது என்றேன். கடைசியில் அப்பா தன் மூக்குக்குக் காட்டி "ம்" என்றார்.

"நாலு பேரும் பாஸ். வண்டிய எடு மாப்ள."

மாமா கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். தெர்மாமீட்டர் விஷயத்தில் செய்ததைத்தானே இதிலும் செய்கிறார். காரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன்.

பார்க் வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள். ஒருவருக்கும் இல்லை. வரிசையில் நிற்க வட்டம் போட்டிருந்தார்கள். அப்பா எங்களை ஆளுக்கொரு வட்டத்தில் நிறுத்தினார். பின்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆள் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு நின்றார். திடீரென்று இரண்டு தும்மல் போட்டார். அப்பா பாய்ந்தார்.

"பாய்சாப், மாஸ்க் ஊபர் கரோ!"

"அரே காகா, தூள் ஹை. குச் நஹி ஹோதா."

"தூசியாம்லா தூசி, ஒண்ணும் ஆவாதாம்" என்று தமிழில் வைதுகொண்டே அப்பா எங்கள் நாலு பேர் தலையிலும் சானிடைசர் அடித்தார். அம்மாவின் மல்லிகைப்பூ கருகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட அங்கே மரத்தடியில் மேஜைகள் இருந்தன. மேஜைக்கு மேஜை பத்தடி இடைவெளி. நல்ல காற்று. அப்பா வேண்டாம் என்றார். எவன் உட்கார்ந்துவிட்டுப் போன பெஞ்சோ. எங்களைக் காருக்குக் கூட்டிப்போய், நாலு கண்ணாடியையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, "இங்க நம்ம ஆளுவதான். மாஸ்க்கக் கழட்டுங்க" என்றார். அம்மா ஒரே தூக்குவாளியிலிருந்து புளிச்சாதத்தை உருட்டி உருட்டி எங்கள் உள்ளங்கையில் வைத்தாள். மாமா பாதி உருண்டையை என் கையில் தள்ளினார். வெயில் தாழட்டும் என்று ஒரு மணி நேரம் அந்த மூடிய காருக்குள் கதை பேசிக்கொண்டிருந்தோம். வெளியே போகிறவன் வருகிறவனையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்து, யார் மாஸ்க் போடவில்லை என்று எண்ணினோம். எங்களுக்கு யார்மேலெல்லாம் பயம் இருந்தது! ஒருவர்மேல் ஒருவருக்குத்தான் இல்லை.

ரோலர் கோஸ்டரில் ஒரே வீட்டார் சேர்ந்து உட்காரலாம் என்றார்கள். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைகீழாகப் போனபோது என் காதுக்குள், "ஏட்டி, நான் செத்தேன்!" என்று கத்தினார். அதில் ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். நானும் கத்தினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான். அதற்கப்புறம் அப்படி ஒரு நாள் வரவில்லை. இறங்கியதும் தலை வலிக்கிறது என்றார். திரும்பும்போது அப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டுத் தூங்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். மறுநாள் அம்மாவுக்கு. ஆறாம் நாள் அப்பாவுக்கு. எனக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை. மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பிளாஸ்டிக் உடை போட்ட இரண்டு பேர் ஆம்புலன்சில் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டு அவரே படியிறங்கி நடந்து போனார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. உடம்பையும் கொடுக்கவில்லை.

அப்பா அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார். வீடியோ காலில் துக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் அன்றைய பக்கத்தைக் காட்டினார். "காலைல நாலு பேரும் பாஸ். வீட்ல இருந்து எடுத்துட்டுப் போகல. அங்க அந்த மஞ்சச் சட்டக்காரன்தான்." கேமராப் படம் வேண்டுமென்று பார்க்குக்கு நாலு கடிதம் போட்டார். பதிலே இல்லை. ஒவ்வொரு வருஷமும் திதிக்கு இலை போடும்போது அம்மா, "அந்தப் பாவி நல்லா இருப்பானா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபிக்கிறாள். பாவம், அந்த ஆள் சொன்ன மாதிரி தூசிக்குத்தான் தும்மியிருப்பார். எங்கோ நன்றாக இருக்கட்டும்.

அன்று மூன்று பெரியவர்கள் கேப்பை மாவை மோந்துவிட்டுத் தெரிகிறது என்றார்கள். அப்பாவும் அம்மாவும் பழக்கத்தில் சொல்லியிருப்பார்கள். மாமாவும் அப்படித்தான் சொன்னாரா, இல்லை அவருக்கு மூக்கே அடைத்துப் போயிருந்ததா? முதலில் படுத்தவர் அவர். எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த டப்பாவில் காப்பிப்பொடி இருந்திருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார், நாங்களும் போய்த்தான் இருப்போம். இதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை. அப்பாவிடம் சொன்னால் அந்த நோட்டோடு சேர்ந்து அவரும் போய்விடுவார். அம்மாவிடம் சொல்லவே முடியாது. அதனால் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரே ஒருவரிடம் சொன்னேன்.

மாமாவைக் கொண்டுபோய் நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் போன் வந்தது. அம்மா உள் அறையில் படுத்திருந்தாள். அப்பா ஹாலில். நான் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். மாமாவின் குரல் மாஸ்க்குக்குள்ளிருந்து விட்டு விட்டு வந்தது. பின்னால் ஏதோ மெஷின் புஸ்ஸென்று இரைந்தது. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"மாமா, ஒரு ரகசியம் சொல்லட்டா?"

"சொல்லுட்டி."

"பார்க் போன அன்னைக்கு டப்பால காப்பிப்பொடியே இல்ல. நான் கொட்டிட்டு கேப்பை மாவப் போட்டு வச்சேன். நீங்க கண்டுபிடிச்சும் அப்பாட்ட சொல்லவே இல்லலா? தேங்க்ஸ் மாமா."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"கேப்பை மாவா?"

"ஆமா."

அப்புறம், "அக்காக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு என்றேன். "அத்தானுக்கு?" இருமுறாங்க என்றேன். "உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. போரடிக்கி."

"பக்கத்துல என்ன இருக்கு? எடுத்து மோந்து பாத்துச் சொல்லு. நெஜமா வாசம் தெரியுதான்னு பாத்துச் சொல்லு."

இது என்ன விளையாட்டு என்று எனக்கு அலுப்பாக இருந்தது. பெருங்காயம் என்றேன். அது தெரியுதா என்றார். நல்லாத் தெரியுது என்றேன். இன்னொன்று என்றார். சீரகம். இன்னொன்று என்றார். கஞ்சி அடிப்பிடிக்குது மாமா என்றேன். அந்தப் பக்கம் விசும்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மெஷின்தான் என்று நினைத்தேன்.

"இத அம்மாட்டச் சொல்லாத, என்ன? எப்பவும் சொல்லாத."

அம்மா என்னை அடிப்பாள் என்று எனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "சரி மாமா, நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.