கேட்பதற்கென்று ஒரு கம்பி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களில் பலருக்கு அவரை, வயலில் கம்பி கட்டி ரேடியோவில் பேசியவராகத்தான் தெரியும். தங்கை என்ற முறையில் இன்னும் கொஞ்சம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இலத்தூரில் பிறந்து, தென்காசித் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேர்வெழுதி, வீட்டிலிருந்தே வெளிநாட்டாரோடு பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கியவர். திருமணம் வேண்டாமென்று இருந்தவர், அப்பாவின் நிலத்தில் தன் பங்கைக் கேட்டு வாங்கி அங்கே வீடு கட்டினார். அன்றிலிருந்து எங்கள் அண்ணன் அவரிடம் பேசவில்லை. அடுத்தடுத்த வயல்தான். வரப்பில் எதிரே வந்தாலும் முகம் திருப்பிப் போவார்கள்.

குளிர்காலத்தில் ஹாம்களுக்கு உலகப் போட்டி நடக்கும். தூர நாடுகளோடு யார் அதிகம் தொடர்பு கொள்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அக்கா பயன்படுத்திய குறைந்த அலைவரிசையில் ஐரோப்பா விடியற்காலையில்தான் நன்றாகக் கிடைக்கும். அக்கா கூப்பிடுவது அங்கே கேட்டது. அவர்கள் சொல்லும் பதில்தான், பம்புசெட்டும் தெருவிளக்கும் கிளப்பும் இரைச்சலில் இவருக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு மட்டும் தனியாக ஒரு நீளக் கம்பியை, ஆளுயரக் கம்புகளில், ஐரோப்பாவைப் பார்த்து இழுத்துக் கட்டினால் அந்தத் திசைச் சத்தம் தெளியும், மற்றது அடங்கும். ஐரோப்பா வடமேற்கே. அங்கே அண்ணனின் வயல்.

வெகுநாள் தயங்கிவிட்டு அக்கா கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"மாடு கட்டுத இடம். கரண்டு பாயுமா?" என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாயாதுண்ணே. அது கேக்கத்தான் செய்யும்," என்று அக்காவே சொன்னார்.

அண்ணன் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். "உழவு சமயத்துல கழத்தணும். நானே கழத்தி வைக்கேன்."

போட்டியன்று விடியும்போது அண்ணன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா ஹெட்போனை அவர் காதில் வைத்தார்.

"எந்த ஊரு?"

"பின்லாந்து."

"இம்புட்டு மெல்லிசா இருக்கே. உனக்கு எப்படிட்டி வெளங்குது?"

அக்கா ஹெட்போனை அவர் காதிலேயே விட்டுவைத்தார். பின்லாந்துக்குப் பதில் அனுப்பவில்லை. அந்த நிலையத்தின் தொடர்பு கைவிட்டுப் போய்விட்டது. அதற்காக அவர் வருந்தி நான் பார்க்கவில்லை.

பிறகு புற்றுநோய் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் கூட்டிப்போனது அண்ணன்தான். கடைசிக் குளிர்காலத்தில் அக்காவால் உட்கார முடியவில்லை. ஆனாலும் காற்றில் சாய்ந்த கம்புகளை அண்ணன் நிமிர்த்தி வைத்தார்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், பல நாடுகளிலிருந்து இரங்கல் அனுப்பிய ரேடியோ நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. தன்னைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணன் பொறுத்தருள வேண்டும்.