அறுத்துக் கொடுத்த கயிறு

என் மேசை இழுப்பறையில் ஒரு தாலிக்கயிறு கிடக்கிறது. என்னுடையது அல்ல. மஞ்சள் எப்போதோ போய், தேநீர்க் கறை நிறத்துக்கு வந்துவிட்டது. பொன் எதுவும் அதில் இல்லை, வெறும் நூல்தான். ஓரிடத்தில் ஒரு முடிச்சு, இன்னோர் இடத்தில் ஒரு வெட்டு. நான் முதன்முதலாக அதைத் தொட்டபோது தாலி அதில் கோத்திருந்தது, முடிச்சு விழுந்திருக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. அந்தப் பையில் வழக்கு எண்ணையும் ‘பி2’ என்பதையும் சீட்டில் எழுதி ஒட்டியவள் நான்தான்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு கீழ்க்கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் கான்வென்டில் படித்தவள். மாஜிஸ்திரேட் வாயை மூடுவதற்குள் தமிழில் சொல்லி முடித்துவிடுவேன் என்று எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். மொழிபெயர்ப்பதோடு, சாட்சிப் பொருள்களுக்குச் சீட்டு ஒட்டி அடுக்குவதும் என் வேலைதான். அப்படித்தான் கயிறு என் கைக்கு வந்தது.

வழக்கு இதுதான். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு லோரி டிரைவரோடு போய்விட்டார். அவரை நான் அக்கா என்றே சொல்கிறேன், முப்பது வயதிருக்கும் அப்போது. கணவன் போலீஸில் புகார் கொடுத்தான், அவள் விட்டுப் போனது என்று தாலியையும் ஒப்படைத்தான். கூண்டில் நின்றது லோரி டிரைவர் மட்டும். பிறன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனது அவர் மேல் குற்றம். அக்காவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இது கருணை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சட்டப் பிரிவில் பெண் எதுவும் செய்வதில்லை. அவளை யாரோ கொண்டுபோகிறான், யாரோ ஒளித்து வைக்கிறான். கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துப் போன ஆட்டின் மேல் யாராவது வழக்குப் போடுவார்களா?

அந்தச் சட்டத்தை எழுதியவன் வெள்ளைக்காரன். இந்தியாவில் ஆள்வதற்காக எழுதியது, ஒப்பந்தத்தில் வந்த சஞ்சிக்கூலிகளின் கப்பலுக்குப் பின்னாலேயே மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் பெண்கள் குறைவு. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வெட்டுக்குத்து வந்தால் மறுநாள் பால் வெட்ட ஆள் குறையும். ஆகவே ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வோர் ஆணின் பெயருக்கு நேரே அடங்கிக் கிடப்பது துரைக்கு வசதி. ஆனால் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அன்றைக்கு அவன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பேசவில்லை. நான்தான் நின்றேன்.

அக்கா சாட்சி சொல்ல வந்தார். வெளுத்த நீலச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆனால் குரல் நடுங்கவில்லை. கணவனை விட்டு எப்போது போனாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

“நான் அறுத்துக் குடுத்துட்டேங்கம்மா,” என்றார். “கோயில்ல வச்சு, தண்டல் முன்னால. கோயில் தலைவரும் இருந்தாரு. கட்டுனவரும் கையில வாங்கிக்கிட்டாரு. அதுக்கு அப்புறம் மூணு மாசம் கழிச்சுத்தான் நான் இவரோட போனேன்.”

அறுத்துக் கொடுப்பது எனக்குத் தெரியாத சொல் அல்ல. நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டில் அது வசவு. வீட்டு வேலைக்கு வரும் பெண் இல்லாத நேரத்தில் அம்மா குரலைத் தாழ்த்தி, “அறுத்துக் கட்டுற கூட்டம்” என்பார். வாழப் பிடிக்காத பெண் பெரியவர்கள் முன்னால், தோட்டமென்றால் மேஸ்திரியான தண்டல் முன்னால், தாலியை அறுத்துக் கணவன் கையில் கொடுத்துவிட்டால் கல்யாணம் முடிந்தது, பிறகு யாரை வேண்டுமானாலும் கட்டலாம். உழைத்துச் சாப்பிடுகிற எத்தனையோ சாதிகளில் இந்த வழக்கம் இருந்தது. துரைமார் அதை ஒழுக்கக்கேடு என்று எழுதி வைத்தார்கள். எங்களைப் போன்ற கிராணி வீடுகளுக்கு ஏற்கெனவே சாதித் திமிர் இருந்தது. வெள்ளைக்காரன் அதற்கு ஒரு சட்டப் புத்தகத்தின் அட்டையைப் போட்டுக் கொடுத்தான். அப்புறம் அதையே நம் பண்பாடு என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். இளைஞர், லண்டனில் படித்துத் திரும்பியவர். தமிழ்ப் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்குக் கூசியது. காது மடல் சுட்டது இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் தமிழர் மானத்தை முழுசாக என் தோளில் ஏற்றிக்கொண்டேன். “தாலியைக் கழற்றிவிட்டதாகச் சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கோயிலை விட்டேன். தண்டலை விட்டேன். மூன்று மாதத்தையும் விட்டேன்.

வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டருக்கு அது அல்வா. கல்யாணமானவள் என்று வெளியே தெரியாமலிருக்கத்தான் தாலியைக் கழற்றியிருக்கிறாள், இவர்கள் இரண்டு பேரும் திட்டம் போட்டுச் செய்தது இது என்றார். பையைத் தூக்கிக் காட்டினார். கழற்றுவதென்றால் தலை வழியாக எடுத்தால் போதும். பைக்குள் இருந்த கயிறு பால்வெட்டுக் கத்தியால் அறுத்தது, முனை பிரியாத சுத்தமான வெட்டு. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நான்கு பேர். ஒருவன் புகார் கொடுத்தவன். ஒருவர் கூண்டில் நின்றார், அவருக்கு வக்கீல் இல்லை. ஒருவர் தன்னால் முடிந்ததைச் சொல்லி முடித்துவிட்டார். நான்காவது ஆளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பதிவு எதுவும் கிடையாது. அப்போது அநேகக் கல்யாணங்கள் கோயிலோடு சரி. கட்டியதற்கு வழக்கத்தைச் சாட்சியாக ஏற்றுக்கொண்ட கோர்ட், அறுத்ததற்கும் ஏற்றிருக்கக்கூடும். ஏற்றிருந்தால் அவர் யாருடைய மனைவியும் இல்லை, வழக்கும் இல்லை. தண்டலைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே.

லோரி டிரைவருக்கு எட்டு மாதம் சிறை. சாட்சிப் பொருள் உரியவரிடம் போக வேண்டும் என்று உத்தரவு. உரியவன் கணவனாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தேன். கோர்ட் வராந்தாவிலேயே அவன் கயிற்றை வெளியே எடுத்தான். அக்காவின் அண்ணன்மார் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அறுத்த இரண்டு முனைகளையும் அவன் அவர் பின்கழுத்தில் சேர்த்து முடிச்சுப் போட்டான், மூட்டை கட்டுகிறவன் போல முழங்கையால் அழுத்திக்கொண்டு. கான்டீன் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். “ஏய், இன்னிக்கு முகூர்த்த நாளா லா?” என்று ஒருவன் கத்தினான். அக்கா அழவில்லை. குனிந்த கழுத்தோடு என்னைப் பார்த்தார்.

“மேடம், நான் சொன்னத சரியாச் சொன்னீங்களா?”

“சொன்னேன் அக்கா,” என்றேன்.

அதன் பிறகு நான் பல ஊர்க் கோர்ட்டுகளில் வேலை பார்த்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன். அக்காவை நினைக்காத நாளே இல்லை என்று எழுதினால் அது பொய். மாதக்கணக்கில் நினைக்காமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷா ஆலமில் வேலை. ஒரு காலையில், சத்தியப் பிரமாணம் எடுக்க வந்த தோட்டத்துப் பெண்ணுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கணவன் இறந்துவிட்டான், அவன் பேரில் வர வேண்டிய தொகை இருக்கிறது, ஆனால் மனைவி என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. நான்தான் மனைவி என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். போய்ப் பார்த்தால் அதே அக்கா. ஒரு கால் வளைந்து ஒட்டியிருந்தது, நாற்காலியைப் பிடித்துத்தான் உட்கார்ந்தார். பார்த்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

அதிகாரி வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. கால் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“அவரு செயில்லேர்ந்து வந்த அன்னிக்கு, பாக்கப் போயிடுவேன்னு இந்தாளு ஒடச்சுப் போட்டான்,” என்றார், வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வது போல. “அவரு ரெண்டு வாட்டி தோட்டத்து கேட்டுக்கு வந்து நின்னாராம். அப்புறம் வரல.”

நான் அப்போதுதான் சொன்னேன். “அக்கா, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“தெரியும் மேடம். நான் அம்புட்டுப் பேசினேன், நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டீங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது, நீட்டம் தெரியாதா?”

அதிகாரி வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர், சீக்கிரம் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தார். இறந்தவரின் மனைவிதானே நீங்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தக் கயிறு. கணவன் செத்த பதினாறாம் நாள் அறுத்தது. பொன்னை அண்ணன் எடுத்துக்கொண்டு நூலைத் தூர எறிந்தாராம், இவர் பொறுக்கி வைத்திருக்கிறார். வராந்தாவில் விழுந்த முடிச்சு அப்படியே இருந்தது. கயிறு மாற்ற அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

“நான் அந்தாளு பொண்டாட்டி இல்ல மேடம். அறுத்துக் குடுத்துட்டேன். கோயில்ல வச்சு, தண்டல் முன்னால. அதச் சொல்லுங்க.”

“அக்கா, அப்படிச் சொன்னா உங்களுக்கு ஒன்னும் கிடைக்காது. பேசாம ஆமான்னு சொல்லிடுங்க.”

“நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். மலாயில், ஒரு சொல் விடாமல். கோயிலில், தண்டல் முன்னிலையில் வழக்கப்படி அந்தத் திருமணத்தை முறித்துவிட்டார், தாலியை அறுத்துத் திருப்பிக் கொடுத்தார், கணவர் பெற்றுக்கொண்டார், அன்றிலிருந்து இவர் மனைவி அல்ல. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிச்சயம்தானா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு பேனாவை மூடிக் கோப்பைக் கட்டினார்.

அக்கா நாற்காலியைப் பிடித்து எழுந்தார். “இந்த வாட்டி சரியாச் சொன்னீங்களா மேடம்?”

“சொன்னேன் அக்கா.”

“ஆமா, நீட்டமாத்தான் இருந்துச்சு,” என்றார். கயிற்றை என் மேசையில் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் முடிச்சு கண்ணில் படுகிறது. நான் பொய் சொன்னபோது அவருக்கு ஆள் போனார், உண்மை சொன்னபோது சோறு போனது. இரண்டு முறையும் மாதக் கடைசியில் என் சம்பளம் சரியாக வந்தது.