அலுமாரிக்குள் என் இரண்டு கைகள்

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அக்கா வீட்டுப் பிறிட்ஜில், பழப்புளிப் போத்தலுக்கும் கறிவேப்பிலைக் கடதாசிச் சரைக்கும் நடுவே என் ஊசிப் பெட்டி இருக்கிறது. காலையில் தேநீருக்குப் பால் எடுக்கும்போது அக்கா அதில் முட்டாமல் கையை வளைத்து எடுக்கிறார். நோர்வேயில் என் பிறிட்ஜில் அந்தப் பெட்டிக்கு ஒரு தட்டு முழுவதும் சொந்தம். கணவர் காலமாகி ஒன்பது வருடம், மகன் வேறு நகரத்தில். தனி ஆளுக்கு எவ்வளவு சாமான் வேண்டும்? அந்தப் பெட்டியைக் கண்டு கையை வளைக்க அங்கே ஒருவரும் இல்லை. ஒரு மாத லீவில் வந்த இடத்தில், அக்கா கையை வளைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமும் வருகிறது, ஒருவிதமான ஆறுதலும் வருகிறது.

வேலிக்கு அப்பால் நின்று, "எப்பிடிப் பிள்ளை, சுகமோ?" என்று கேட்பவர்களுக்கு, "ஏதோ இருக்கிறன்" என்கிறேன். எங்கள் ஆட்களிடம் இதற்கு வேறு பதில் கிடையாது. நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி யார் கண்ணூறு நாவூறு வாங்குவது? வாய் மூட முன்னம் ஏதாவது வந்து சேரும். இந்தப் பழக்கத்தை நோர்வே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த பிழை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, பேர்கன் நகரத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், ஒரு ஜாம் போத்தலைத் திறக்க முடியாமல் போனது. அடுத்த மாதத்துக்குள் விரல் மூட்டுகள் கொழுக்கட்டைபோல் வீங்கிவிட்டன. உடம்பைக் காவல் காக்கவேண்டியதே உடம்பைத் தாக்குகிறது என்று டொக்டர் படம் கீறி விளக்கினார். வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடிக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். அதை விரட்ட முடியாதாம், கட்டிப்போடலாமாம். கட்டிப்போட்ட நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ரெமிஷோன். "அங்கேதான் நாம் போய்ச் சேரவேண்டும்" என்றார், ஏதோ அடுத்த பஸ் தரிப்பிடத்தைச் சொல்வதுபோல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள், மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார்கள். அதோடு ஒரு தாளும் தருவார்கள். அதில் ஒரு நீளக் கோடு. இடது முனை மிக நல்ல சுகம், வலது முனை மிக மோசம். எங்கே இருக்கிறோமோ அங்கே நாமே அடையாளம் போடவேண்டும். நான் எப்போதும் நடுவில் போட்டேன். மருந்துகள் மாறின, கடைசியில் திங்கட்கிழமை தோறும் ஊசி என்று வந்தது. வீக்கம் வற்றியது, இரத்தமும் நல்லதாக வந்தது. என் அடையாளம் மட்டும் நடுவை விட்டு அசையவில்லை.

"எது உங்களைக் கஷ்டப்படுத்துகிறது?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒன்றுமில்லை."

"அப்படியென்றால் ஏன் நடுவில் போடுகிறீர்கள்?"

"நல்லம் என்று போட்டால் திரும்பி வந்துவிடும்."

அவர் கணினியில் ஏதோ தட்டச்சு செய்தார். அடுத்த கிழமை மனநல ஆலோசகரைப் போய்ப் பார்க்கும்படி கடிதம் வந்தது. எனக்கு விசர் என்று முடிவுகட்டிவிட்டார் என்று கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். இரண்டு வருடம் இப்படிப் போனது.

போன குளிர்காலத்தில் எனக்கே துணிவு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் ஊசியை நிறுத்தினேன். இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. நாய் செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவில் சாவியைப் போட்டால், திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் முடியவில்லை. மேல்மாடிக்காரர் வந்தார். "சாவியைத் தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். "இல்லை, கையில் இருக்கிறது" என்றேன். நல்லது என்று தலையாட்டி, இனிய மாலை சொல்லி, ஏறிப் போய்விட்டார். கேட்காமல் உதவினால் மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். கேட்காமலே விளங்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு மணித்தியாலம் என் சாவியோடு என் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். கடைசியில் சாவியைச் சால்வையால் சுற்றி, முழங்கையால் அழுத்தித் திருப்பினேன். அடுத்த நாளே ஊசிக்குத் திரும்பினேன்.

கையில் நோய் என்பதைத் தவிர அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. தொலைபேசியில் அவருக்கும் "ஏதோ இருக்கிறன்"தான். இங்கே வந்த முதல் திங்கட்கிழமை அவர் பின்னேரம்வரை பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் வாயில் வைக்காததைக் கண்டு கேட்டேன். என் கை சுகப்படுமட்டும் திங்கள் விரதம் பிடிப்பதாக ஆறு வருடத்துக்கு முன்பே கீரிமலைச் சிவனுக்கு நேர்த்தி வைத்தாராம். சுகமானதும் கோயிலுக்குக் கொடுக்க வெள்ளித் தகட்டில் இரண்டு சின்னக் கைகளும் செய்வித்து அலுமாரியில் வைத்திருக்கிறார். அறுபத்தெட்டு வயது, பிரஷர்காரி. போன மாதம் விரதத்தோடு கிணற்றடியில் தலைசுற்றி விழுந்ததைப் பக்கத்து வீட்டுப் பவளம்தான் எனக்குச் சொன்னாள். இன்னொருமுறை விழுந்தால் எழும்புவாரோ தெரியாது. அன்றைக்கே முடிவெடுத்தேன், முழுதாகச் சுகம் என்று பொய் சொல்லி இந்த விரதத்தை நிறுத்திவிடுவதென்று.

நாலாம் திங்கட்கிழமை ஓட்டோவில் கீரிமலைக்குப் போனோம். பெண்களின் கேணியில் முழுகி எழும்பியபோது அக்கா என் விரல்களைப் பிடித்து மூட்டு மூட்டாகத் தடவினார், டொக்டரைப்போலவே.

"வீக்கமெல்லாம் வத்தீட்டுது. உண்மையைச் சொல்லு பிள்ளை, சுகமோ?"

"சுகம் அக்கா."

வாழ்நாளில் முதல்தரம் அந்தச் சொல்லை "ஏதோ" இல்லாமல் சொன்னேன். அக்காவின் முகம் மலர்ந்தது. உடுப்பு மாற்றிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்ததும் கடதாசிச் சுருளைப் பிரித்து வெள்ளிக் கைகளை எடுத்தார்.

"அப்ப உந்த ஊசி இனித் தேவையில்லைத்தானே. வீட்டை போனவுடனை தூக்கிக் கிணத்தடியிலை கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவம். மருந்தையும் போட்டுக்கொண்டு சுகமெண்டு கையைக் குடுத்தால் அது சாமிக்குப் பொய்."

சாவி என் ஞாபகத்துக்கு வந்தது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கதவை, மேல்மாடிக்காரரை, சால்வையை. ஊசி இருக்குமட்டும்தான் இது அடங்கியிருக்கும் என்றேன்.

"எவ்வளவு காலத்துக்குப் போடவேணும்?"

"சாகுமட்டும்."

அக்கா கைகளைத் திரும்பக் கடதாசியில் சுற்றினார்.

"அப்ப நானும் விரதம் பிடிப்பன்."

"விழுந்து செத்துப்போவியள் அக்கா. விடுங்கோ."

"நீ ஊசியை விடுவியோ? விடமாட்டாய். அங்கை வந்து உனக்கு ஒரு கதவைத் திறந்துவிட என்னாலை ஏலுமோ? எனக்கு ஏலுமானது உது ஒண்டுதான்."

தரிசனம் செய்துவிட்டு வீடு திரும்பினோம்.

அன்று பின்னேரம் அக்கா விரதம் முடித்துச் சாப்பிட்டபிறகு, அவர் பார்க்க நான் ஊசி போட்டேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். ஊசி போடும்போது ஓர் ஆள் என் பக்கத்தில் இருந்தது அதுதான் முதல்தரம். பிறகு கைப்பையிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தேன். திரும்பிப் போனவுடன் டொக்டரிடம் கொடுக்கவேண்டியது. இடது முனையிலேயே பேனையை அழுத்தி அடையாளம் போட்டேன்.

"உதென்ன?"

"சுகமோ எண்டு கேக்கினம்."

"என்ன போட்டனி?"

"நல்ல சுகமெண்டு."

"விசரி. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழும்பிப் போய், வெள்ளிக் கைகளைத் திரும்ப வைக்க அலுமாரியைத் திறந்தார்.

நாளை மறுநாள் விமானம். அந்தத் தாளைப் பார்த்து டொக்டர் சிரிப்பார், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்பார். திங்கட்கிழமை நான் தனியே சட்டையை விலக்கி ஊசி போடுவேன், அக்கா இங்கே பட்டினி கிடப்பார். சுகமான என் இரண்டு கைகளும் அவருடைய சேலைகளுக்கு நடுவே, பூச்சி உருண்டை மணத்தோடு இருக்கும். மற்ற இரண்டையும் கொண்டுதான் நான் அங்கே போய்க் கதவைத் திறக்கவேண்டும்.