வண்டு தின்ற இடைவேளை

விசில் ஊதினால் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருபத்துமூன்று வயதில், கட்டுக்கரை வாய்க்கால் ஓரத்து ஆரம்பப் பள்ளிக்கூடமொன்றில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்த எனக்கு, அதிபர் தந்த முதல் பொறுப்பு இடைவேளைக் கடமை. பிள்ளைகள் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். வானத்தில் சத்தம் கேட்டால் ஊதி, எல்லாரையும் முற்றத்துப் பதுங்குகுழியான பங்கருக்குள் இறக்க வேண்டும். சிவப்புக் கயிற்றில் கோத்த அந்தப் பிளாஸ்டிக் விசில் இப்போதும் என் அலுமாரிக் கதவின் உட்புறம் தொங்குகிறது. மனைவி அதை இரண்டு தடவை எறியப் பார்த்தாள். விடவில்லை.

சண்டை எங்கள் பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம். ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் விமானத்துக்குச் சனங்கள் வைத்திருந்த பெயர் வண்டு. முதலில் ரீங்காரம் கேட்கும். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் பீரங்கிச் செல் வரும், இல்லையென்றால் குண்டுபோடும் விமானம் வரும். இதெல்லாம் எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அத்துப்படி. பிள்ளைகள் நாற்பது பேர். பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள். தாய் தகப்பன் விடியவே வயல்கூலிக்குப் போய்விடுவார்கள். பகலில் சமைத்த சாப்பாடு என்றால் அது பள்ளிக்கூடத்தில்தான். அதைச் சமைத்த அக்காவும் அந்த மலைநாட்டுக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்தான். கடமைப் பட்டியலில் என் பெயர் இருந்ததே தவிர, உண்மையான மேற்பார்வை அவருடைய அகப்பையில்தான் நடந்தது. யார் சாப்பிடாமல் இருக்கிறார்கள், யார் வீட்டுக்குக் கொண்டுபோக ஒளித்து வைக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "தம்பிக்கு வேறயா தாறேன். மொதல்ல நீ தின்னு" என்பார்.

நான் சேர்ந்த மூன்றாவது கிழமை. அன்று அவித்த கௌபிப் பயறு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், வண்டு!" என்று கத்தினாள். நான் முதலில் ஊதினேனா, முதலில் ஓடினேனா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. பங்கருக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீரில், ஒரு தவளைக்குப் பக்கத்தில், காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். ஒரு பிள்ளையும் இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் வாசல் நிறைய முகங்கள், கைகளில் தட்டுகள். நடுவில் அந்தச் சிறுமி, விரல் நுனியில் பயற்று வண்டு ஒன்றை ஏந்தியபடி. அக்கா எட்டிப் பார்த்து, "சார், இந்த வண்டு குண்டு போடாது. மேல வாங்க" என்றார்.

மறுநாளே எனக்குப் 'பங்கர் சேர்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருவன் ஊத இன்னொருவன் மண்ணில் பாயும் புதிய விளையாட்டும் பிறந்தது. அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீர் பயந்ததில பிழையில்லை. நாளைக்கு அது உண்மையா வந்தா, நாப்பது பிள்ளையளும் வெளியில நிப்பினம். இனி இடைவேளை வேண்டாம். பத்தரையோட வீட்ட விடுவம்" என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இடைவேளை இல்லையென்றால் சமையல் இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. கையில் அகப்பையோடு அறைக்குள் வந்தார். அதிபர் காட்டிய கதிரையில் உட்காரவில்லை. "ஐயா, வீட்டுக்கு அனுப்பிட்டா அங்க வண்டு வராதா? இங்கயாச்சும் பங்கர் இருக்கு. அங்க அடுப்பு பொழுது சாய்ஞ்சுதான் எரியும். மலையிலேருந்து தொரத்தினாங்க, இங்க வந்தோம். இப்ப ஒரு மெஷினு சுத்துதுன்னு சோத்தயும் விட்டுட்டு ஓடணுமா? நான் ஒல வைக்கத்தான் போறேன்."

"பொறுப்பு ஆர் எடுக்கிறது?"

"சார் இருக்காருல்ல?"

அகப்பை என்னை நோக்கி நீண்டது. என் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. "ஓம்" என்றேன். என் வாழ்நாளில் நான் காட்டிய வீரத்தில் பெரும்பகுதி அகப்பைக்குப் பயந்து காட்டியதுதான்.

அன்று மாலையே அக்கா பங்கர்த் தண்ணீரை வாளியால் இறைக்க வைத்தார், என்னைத்தான். பந்தி பங்கர் வாசலுக்குப் பக்கத்து மருதமரத்தடிக்கு மாறியது. சின்னவர்கள் வாசலை ஒட்டி, பெரியவர்கள் அதற்குப் பின்னால். பானையில் இரண்டு தட்டுத் தட்டினால் தட்டோடு இறங்க வேண்டும், சோறு சிந்தக் கூடாது. அதையும் பிள்ளைகள் விளையாட்டாகவே பழகினார்கள்.

அடுத்த கிழமை அது வந்தது. பாதிச் சாப்பாட்டில், வாய்க்கால் பக்கமிருந்து ரீங்காரம். விசிலை வாயில் வைத்தேன். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. மூச்சும் இல்லை, சத்தமும் இல்லை. பின்னால் பானை இரண்டு தரம் அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மரம்போல நின்ற என்னைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கா கடைசியாக இறங்கினார். தூரத்து வயல் பக்கம் செல் விழும் சத்தம். கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. அக்கா சின்னவர்களின் தட்டுகளுக்கு மேல் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தின்னுங்க, தின்னுங்க. மேல போகயில தட்டு காலியா இருக்கணும்" என்று அதட்டிக்கொண்டேயிருந்தார்.

சத்தம் அடங்கி மேலே வந்தபோது, மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் அருகே அதிபர் கம்பியை ஓங்கியபடி நின்றார். இடைவேளை நேரம் முடிந்திருந்தது.

"ஐயா, அடிக்காதீங்க" என்றார் அக்கா. "வண்டு தின்ன நேரத்த பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

அதிபர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அகப்பை நீளவில்லை. "அடிக்க வேண்டாம் ஐயா. நான் நிக்கிறன்" என்றேன்.

இப்போது நான் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக் கடமை என்றாலே ஆசிரியர்களுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. வீட்டுக்கு வருபவர்கள் அலுமாரியில் தொங்கும் விசிலைப் பற்றிக் கேட்டால், நான் பல கதைகள் சொல்வதுண்டு. சிலவற்றில் அதை நான் ஊதியும் இருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: நான் ஊதவில்லை. அக்கா பானையில் தட்டினார். நாற்பது பிள்ளைகள் இறங்கினார்கள், நாற்பது பிள்ளைகளும் ஏறினார்கள். அன்று இடைவேளை இருபது நிமிடம் பிந்தி முடிந்தது.