காற்றை எண்ணும் இடம்

மெக்கானிக் ஐசல்கின் ஒரு நாள் கத்தாமல் இருந்தால், பிஷ்கெக் நகரின் அந்தப் பட்டறைத் தெருவே அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கும். பெல்ட் அறுந்து வருகிறவனையும் திட்டுவாள், அறுகிறவரை என்ன புடுங்கினாய் என்று. ஆனாலும் மலை ஏறி வண்டி ஓட்டுகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் புருஷன் கணவாய் இறக்கத்தில் எஞ்சின் நின்று, ஸ்டியரிங் இறுகி, பிரேக் கல்லாகிப் போய்ச் செத்தவன். அதன் பிறகு எஞ்சின் நிற்கிறது என்று எவனாவது சாதாரணமாகச் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி மெலிஸ் அதைத்தான் சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டே.

"கியர் மாத்த ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா எஞ்சின் நின்னுடுதுக்கா."

அவன் சவாரிக்கு ஓட்டுகிற பழைய ஜப்பான் டர்போ வண்டியின் பானெட்டைத் திறந்தாள். பளபளவென்று ஒரு சிவப்பு வால்வு. காலை எடுத்ததும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவில் தேங்கும் காற்றைப் பழைய வால்வு சத்தமில்லாமல் குழாய்க்கே திருப்பி அனுப்பும். இது உஸ்ஸென்று வெளியே துப்பிவிடும்.

"எதுக்குடா இந்தக் கருமம்?"

"ஸ்டாண்டுல எல்லா வண்டியும் சீறுது. சின்னப் பசங்க அதுலதான் ஏறுறாங்க. என் வண்டி பூனை மாதிரி நிக்குது."

"பூனைன்னா என்ன? வீடு போய்ச் சேருதுல்ல?"

"காத்தை எண்ணுற ஏர் சென்சாரை இடம் மாத்தினா சரியாயிடுமாம்கா. ஃபில்டர்கிட்ட இருந்து கழட்டி, இந்த வால்வைத் தாண்டி வச்சிடு."

பாதி சரியாகச் சொல்கிறவனிடம்தான் அவளுக்குக் கோபம் இரட்டிப்பாகும். அவன் கையைப் பிடித்து எஞ்சின் மேல் அழுத்தினாள்.

"எங்க வைக்க? காட்டு! உன் வண்டியில காத்தைக் குளிர வைக்கிற கூலர், எஞ்சின் வாயில இருக்கிற த்ராட்டில் மேலயே உக்காந்திருக்கு. நடுவுல நேர்க்குழாய் ஒரு சாணாவது இருக்கா? வளைவுல வச்சா காத்து சுழலும், சென்சார் கண்டபடி உளறும். அது ஃபில்டர் பக்கத்துலதான் இருக்கணும். அங்க எண்ணின காத்து வெளிய போகக்கூடாது."

"கொஞ்சம் காத்துதானேக்கா?"

"விருந்துக்கு வந்தவங்களை வாசல்ல ஒருத்தன் எண்ணுறான். அந்தக் கணக்குக்கு உள்ள பெஷ்பர்மாக் கறி வேகுது. நீ பாதிப் பேரைப் பின்வாசல்ல துரத்திட்ட. கறி மிஞ்சாம என்னடா பண்ணும்? அப்படித்தான் பெட்ரோல் மிஞ்சி எஞ்சின் மூச்சு முட்டி நிக்குது."

மெலிஸ் தோளைக் குலுக்கினான். "நின்னா திருப்பி ஸ்டார்ட் பண்ணிக்கிறேன். நாளைக்கு மலை தாண்டித் தலாஸ் போகணும், சீட்டெல்லாம் நிறைஞ்சாச்சு."

அவள் எறிந்த ஸ்பேனர் தகரச் சுவரில் மோதி விழுந்தது. பக்கத்துப் பட்டறையில் பேச்சு நின்றது.

"இறக்கத்துலயா ஸ்டார்ட் பண்ணுவ? உங்க மாமாவும் அப்படித்தான்டா நினைச்சாரு!"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். அவளுடைய கத்தலைவிட அது மோசம்.

"சரி, வால்வு இருக்கட்டும். நான் தொடமாட்டேன். நாளைக்குப் பின் சீட்டுல அம்மாவை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ."

"அம்மாவுக்கு மலை ஒத்துக்காதுக்கா."

"வர்றவங்க யாருக்கும் அம்மா இல்லையாடா?"

மெலிஸ் சுவரோரம் போய் ஸ்பேனரை எடுத்து வந்து, தானே அந்த வால்வைக் கழற்ற ஆரம்பித்தான். பழையதை டிக்கியில்தான் போட்டு வைத்திருந்தான், நல்லவேளை. மாட்டும்போதும் அவள் விடவில்லை. கிளாம்ப் கோணல் என்றாள், உனக்கு லைசென்ஸ் கொடுத்தவனை உதைக்க வேண்டும் என்றாள்.

ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, சட்டென்று காலை எடுத்தான். எஞ்சின் தணிந்து, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி, மறுபடி எடுக்கச் சொன்னாள். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"சரியாயிடுச்சுல்ல? இன்னும் எதுக்குக்கா மூஞ்சை இப்படி வச்சிருக்க?"

"அப்படித்தான் இருக்கும். நாளைக்குத் தலாஸ் போய்ச் சேர்ந்து போன் பண்ணு. அதுவரைக்கும் இப்படித்தான் இருக்கும்."