ஊர் கேட்டு எடுத்த மாஸ்டர்

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் எதையும் விசாரிக்காமலே ஒருவரைச் சங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மாஸ்டராக்கிவிட்டார்.

இத்தாலியில், பலெர்மோ நகரில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். வாளியைத் தொடுவதற்கு முன்பே என்னிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். நான் முன்பு வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவிடமும் விசாரித்தார்கள். எரிச்சலாக இருந்தாலும், அது சரியென்றே பட்டது.

பல்லாரோ சந்தையில் தலைவரைக் கண்டேன்.

"அண்ணை, புது மாஸ்டரைப் பற்றி விசாரிச்சனீங்களோ?"

"ஓம் தங்கச்சி, எங்கடை ஊர்ப் பெடியன். தகப்பனை நல்லாத் தெரியும்."

"தகப்பனோ படிப்பிக்க வாறார்?"

அவர் சிரித்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்கினார்.

அந்த வகுப்பில் என் மகள் இருக்கிறாள். இனி அனுப்பமாட்டேன். இந்த மாஸ்டர் முன்பு எங்கே படிப்பித்தார், அங்கிருந்து ஏன் விலகினார்? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் தலைவர் பதில் சொல்லவேண்டும்.