ஆக்ஸிலுக்கு ஒரு துண்டுத் தோல்

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் எது ஆடினாலும் அதற்கு மருந்து ஒரு துண்டுத் தோல்தான். கட்டில் கால் ஆடினால் அடியில் தோல். கதவு தளர்ந்தால் கீல் இடுக்கில் தோல். அடிபம்பில் தண்ணீர் ஏறாவிட்டால் உள்ளே தோல் வாஷர். வீட்டுக்கு வீடு ஷூ வேலை நடக்கிற ஊரில் வெட்டி எறிந்த தோலுக்கா பஞ்சம்? ஆகவே பத்து வயதில் நான் ஒரு வண்டியின் பின் சக்கரங்களைக் கோர்க்கும் ஆக்ஸிலையே தோல் வைத்துச் சரிசெய்யப் புறப்பட்டதில் பாதித் தப்புதான் என்னுடையது. மீதி ஊருடையது.

வண்டி அப்பாவுடையது. ஏலகிரி மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் மண் தரையில் புழுதி பறக்க ஓட்டுவார்களே, தடித்தடியாய் டயர் வைத்த நாலு சக்கர பைக், அது. ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் மிஷின் மெக்கானிக்காக இருந்த அப்பா, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அதைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவைக் கேட்கவில்லை. அம்மா வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பவள். ஊசி பிடிக்கிற கைக்குப் பொறுமை உண்டு, வாய்க்கு இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, அப்பா மலைமேல் ஒரு தகரக் கொட்டகையிலேயே தங்கிவிடுவதில் போய் நின்றது. யாரும் யாரையும் விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. அவர் வரவில்லை, இவள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறையில் நான் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. வாணியம்பாடியில் அம்மா என்னை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போவாள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு தாண்டி, மேலே அப்பா வந்து இறக்கிக்கொள்வார். ஒரே பஸ்ஸுக்கு வந்துபோகிற இரண்டு பேர், ஒரு தடவைகூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை. மேலே நாள் முழுக்க ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, யார் யாருடைய பிள்ளைகளோ அவரவர் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எங்கள் வண்டியில் சுற்றுவதைப் பார்ப்பேன். கீழே வந்தால் அம்மா தையலை எண்ணிக்கொண்டிருப்பாள், குறுக்கே பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். இரண்டு வீட்டிலும் எனக்குச் சோறு இருந்தது, பாய் இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை. டயரோடும் நூல் கண்டோடும் பேசிப் பழகியிருந்தேன் என்று இன்று சொன்னால் சிரிப்பார்கள். அன்று சிரிப்பாக இல்லை.

ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா எப்பம்மா வீட்டுக்கு வரும்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "அந்த வண்டி மொதல்ல ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் வரட்டும்."

குத்தலாகச் சொன்னது. நான் அதை வாக்குறுதியாக எடுத்து வைத்துக்கொண்டேன். வண்டி ஒழுங்காக ஓடினால் அப்பா வீட்டுக்கு வருவார். இவ்வளவு சுலபமான விஷயத்தை ஏன் ஒருவரும் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த மே மாதம் வண்டி ஓடவே மறுத்தது. பின்னால் கடகடவென்று சத்தம், சக்கரம் இரண்டும் பக்கவாட்டில் ஆட்டம், செயின் வேறு அடிக்கடி கழன்றது. அப்பா பின்பக்கத்தைத் தூக்கிக் கல்லில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, மரக்கட்டை வைத்து அடித்து ஆக்ஸிலை உருவி எடுத்தார். பழைய பேரிங் துருத் தண்ணீரோடு வந்தது, இரண்டு குண்டுகள் என் காலடியில் உருண்டன. எனக்கு அது திருவிழா. வண்டி கெட்டால்தான் அப்பா ஒரே இடத்தில் உட்காருவார், நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். புதுப் பேரிங்கை ஆக்ஸிலில் மாட்டிக் காட்டினார். இறுக்கமாக உட்கார வேண்டியது, வளையல் போலச் சுற்றியது.

"பாத்தியா பாப்பா? பழைய பேரிங் உள்ளயே சுத்திச் சுத்தி ஆக்ஸில் ஷாஃப்ட்ட தின்னுடுச்சி. இப்ப சட்ட பெருசு, ஆளு கம்மி."

"இன்னா பண்றது?"

"லேத்து பட்டறைல குடுத்து ஷாஃப்ட்ட சரி பண்ணணும். லேத்துக்காரரு கல்யாணத்துக்குப் போய்ட்டாரு, செவ்வாக்கெழமதான் வருவாரு. அதுவரிக்கும் பேஜாருதான்."

மறுநாள் நான் கீழே இறங்க வேண்டிய முறை. போகும்போதே முடிவு செய்துவிட்டேன். சட்டை பெரிதென்றால் ஆளைப் பெரிதாக்க வேண்டும், அதற்குத்தான் ஊரே தோலாக இருக்கிறதே. அம்மா பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், ஷூவுக்கு உள்ளே ஒட்டுகிற மெல்லிய தோலில் நேராக ஒரு பட்டை வெட்டி, பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். மலைக்குப் போகிறேன் என்று அடம்பிடித்து, சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பெயின்ட் டப்பாவை வெட்டி ஒரு தகரப் பட்டை தயாராக வைத்திருந்தார். நான் தோலை நீட்டினேன். நானே எடுத்து வந்தேன் என்று சொன்னால், சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவார். அதனால் சொன்னேன்.

"அம்மா குடுத்துச்சி. ஆக்ஸிலுக்கு."

அப்பா தோலை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"உங்கம்மாவா?"

"ஆமா."

"அதுவே வெட்டிச்சா?"

"ஆமா."

அவர் தகரப் பட்டையைத் தூர வைத்துவிட்டு, தோலை ஆக்ஸிலில் சுற்றி, கிரீஸ் தடவி, பேரிங்கை மேலே ஏற்றிக் குழாயால் தட்டினார். அசையாமல் உட்கார்ந்தது. அப்பா சிரித்ததை அன்றுதான் நெடுநாளைக்குப் பிறகு பார்த்தேன். மீதியை மாட்டி முடித்து, கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் என்னை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. வீட்டில் அப்பாவின் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான் அப்போதே நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சீசன் கூட்டம் அலைமோதியது. வரிசையாக வந்து கேட்டார்கள். அப்பா எல்லாரையும் திருப்பி அனுப்பினார்.

"வண்டி இன்னும் ரெடி ஆவல சார். அடுத்த வாரம் வாங்க."

ஆனால் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தார். ரெடியான வண்டியை ரெடியாகவில்லை என்று ஏன் சொல்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கம்பெனி மிஷின்களோடு பதினோரு வருடம் கிடந்த மனிதருக்கு, பேரிங் சூட்டில் தோல் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? பத்து வயதில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்தாவது சுற்றிலோ ஆறாவது சுற்றிலோ நாற்றம் வந்தது. ஊருக்கு வெளியே தோல் கழிவைக் கொளுத்தும்போது வருமே, அதே நாற்றம். பின்னால் புகை. அப்பா வண்டியை நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது தோல் கருகிப் பொடியாகியிருந்தது, பேரிங் பழையபடி ஆடியது. நான் ஓவென்று அழுதேன்.

"அழுவாத பாப்பா. தோலு மேல தப்பு இல்ல." கருகிய பொடியை விரலால் தட்டிவிட்டுச் சொன்னார். "நாளைக்கி நானும் உங்கூட வர்றேன். உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணுமில்ல."

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. நான் கேட்டது அதுதான், ஆனால் பொய்யோடு சேர்ந்து வருகிறது. மறுநாள் அப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினான்கு வளைவு. ஒவ்வொரு வளைவிலும், இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஊர் வந்துவிட்டது.

அம்மா மடியில் தோலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"வாங்க" என்றாள், எழுந்திருக்காமல்.

அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "நீ குடுத்து அனுப்புன தோலு... கரெக்டா உக்காந்துச்சி. அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்தத் தோலு?" அம்மா நிமிர்ந்தாள். "நான் எதுவும் குடுத்து அனுப்பலியே."

அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலைக்கதவின் ஆணியைப் பார்த்தேன். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், திட்டியிருக்கலாம். அவர் மெதுவாக, "ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்றார். பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, நாளைக்கு லேத் திறந்துவிடுவார்கள், போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

லேத்தில் அந்த ஆக்ஸில் சரியாகத்தான் ஆனது. அதற்குப் பிறகு வண்டி இரண்டு வருடம் ஒழுங்காகவே ஓடியது, அப்பாதான் வரவில்லை. பிறகு வண்டியை விற்றுவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். பஸ் வேறு, வளைவு இல்லாத பாதை, அதிலும் நான் தனியாகத்தான் போய்வந்தேன்.

அன்று அப்பா தெருமுனை திரும்பிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். அடி விழும் என்று தெரிந்தே எல்லாவற்றையும் சொன்னேன்: தோலை வெட்டியது, அம்மா கொடுத்தது என்று சொன்னது, அப்பா தகரத்தைத் தூர வைத்தது, கருகியது. அடிக்கவில்லை. அம்மா எழுந்து வாசல்வரை போனாள். தெருவில் ஒருவரும் இல்லை. நெடுநேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எண்ணிக்கொண்டிருந்த தையல் அன்று தவறியே போயிருக்கும்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா, பாப்பா?"

அவள் குரல் உடைந்திருந்தது. அந்த அளவுக்கு விலை உயர்ந்த தோலையா வெட்டிவிட்டோம் என்று நான் பயந்துபோனேன்.

"இனிமே உன்னக் கேக்காம ஒரு துண்டு தோலுகூட எடுக்க மாட்டேம்மா" என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.